முள்ளியவளை வகுப்பறைகளும் கூரைக்கான காசும்

சித்திரைப் புத்தாண்டு விடுமுறைக்கு முந்திய கிழமை. முல்லைத்தீவிலிருந்து மாங்குளம் போகும் ஏ34 வீதியில், முள்ளியவளையில் இறங்கி ஒரு பாடசாலை வளவுக்குள் நுழைந்தபோது காலை பத்தரை மணி. இடைவேளை முடிந்து மணி அடித்திருந்தது. வேப்பமரங்களுக்குக் கீழே நின்ற பிள்ளைகள் வகுப்புக்குப் போக மனமில்லாமல் மெல்ல மெல்ல நகர்ந்தார்கள். சோம்பல் என்று முதலில் தோன்றும். வகுப்பறைக்குள் கால் வைத்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள்.

பாடசாலையின் பெயரை எழுதவில்லை. இங்கே நான் சொல்லப்போகும் குறை அந்த ஒரு வளவுக்கு உரியதல்ல. துணுக்காயிலும் ஒட்டுசுட்டானிலும் கிளிநொச்சியிலும் இதே கட்டடங்கள்தான், இதே கூரைகள்தான்.

வளவில் மூன்று காலத்துக் கட்டடங்கள் நிற்கின்றன. வாசலுக்கு வலப்பக்கம் பழைய ஓட்டுக் கட்டடம். அரைச்சுவர், அதற்குமேல் திறந்த வெளி, பனஞ்சிலாகைக்கு மேல் ஓடு. சுவரில் செல் துண்டுகள் பட்ட இடங்களைச் சீமெந்தால் அடைத்திருக்கிறார்கள். பூச்சு அடித்தும் அந்தத் திட்டுக்கள் வேறாகத் தெரிகின்றன. அதற்கு எதிரே போருக்குப் பின் கட்டிய ஒற்றைமாடி வகுப்பறைத் தொகுதி. நீளமானது, சீற் கூரை போட்டது. கடைசியில், விளையாட்டு மைதானத்தை ஒட்டி இரண்டு மாடிக் கட்டடம். அதன் படிக்கட்டருகே திறப்புவிழாக் கல் இருக்கிறது. மற்ற இரண்டிலும் கல் இல்லை.

அதிபர் என்னை நேரே நடுக் கட்டடத்துக்குக் கூட்டிப்போனார். “முதல்ல இதுக்குள்ள பத்து நிமிசம் இருந்து பாருங்கோ ஐயா. பிறகு கதைப்பம்” என்றார்.

எட்டாம் தர வகுப்பு. கடைசி வாங்கில் இடம் தந்தார்கள். எனக்கு முன்னால் இருந்த பிள்ளை எழுதும்போது வலக்கை மணிக்கட்டுக்குக் கீழே மடித்த லேஞ்சியை வைத்திருந்தாள். ஒரு வரி எழுதி முடிந்ததும் லேஞ்சியையும் சேர்த்துக் கீழே நகர்த்துவாள். ஏன் என்று கேட்டேன். “வேர்வை பட்டால் கொப்பி நனைஞ்சு மை ஊறும் சேர்” என்றாள். பக்கத்துப் பிள்ளையின் கொப்பியைப் பார்த்தேன். பக்கத்தின் கீழ் மூலை ஊறி, காய்ந்து, பொருமிப் போயிருந்தது. கணக்கின் விடை இருந்த இடத்தில் ஒரு நீலக் கறை.

மேலே இரண்டு மின்விசிறிகள் சுழன்றன. ஒன்று ஆட்டத்துடன். அவை காற்றைத் தந்தன, ஆனால் அது கூரையடியில் கிடந்த சூட்டுக் காற்று. ஆசிரியையிடம் அனுமதி கேட்டு வாங்கின்மேல் ஏறி, சீற்றுக்கு ஒரு சாண் கீழே கையைப் பிடித்தேன். தொடாமலே உள்ளங்கையில் சூடு இறங்கியது. அந்தச் சூடுதான் நாள் முழுக்கப் பிள்ளைகளின் உச்சந்தலையில் இறங்குகிறது.

“கணிதத்தையும் விஞ்ஞானத்தையும் காலமையே முடிச்சுப்போடுவம்” என்றார் ஆசிரியை. “பதினொரு மணிக்குப் பிறகு சித்திரம், சங்கீதம், வாசிப்பு. நேரசூசியே வெக்கையைப் பார்த்துத்தான் போடுறது. பங்குனி, சித்திரையில அதுவும் சரிவராது. மரத்துக்குக் கீழ கொண்டுபோயிடுவன்.”

இலங்கையின் பாடசாலை நேரம் காலை ஏழரையிலிருந்து பிற்பகல் ஒன்றரை வரை. அதில் கடைசி இரண்டரை மணித்தியாலம் கடினமான பாடத்துக்கு உதவாது என்று ஓர் ஆசிரியை அனுபவத்தால் முடிவுகட்டி இருக்கிறார். 2024 இன் தொடக்கத்தில் வெப்பம் ஏறியபோது, பிள்ளைகளை வெயிலில் விளையாட விடவேண்டாம் என்று கல்வி அமைச்சு பாடசாலைகளுக்கு அறிவுறுத்தியது. நல்ல அறிவுறுத்தல்தான். ஆனால் இந்தச் சீற் கூரைக்குக் கீழே இருப்பதைவிட வேப்பமரத்தடி எவ்வளவோ மேல் என்பதை அந்தப் பத்து நிமிடத்தில் கண்டுகொண்டேன்.

அங்கிருந்து ஓட்டுக் கட்டடத்துக்குப் போனோம். இருபது முப்பது அடி தூரம்தான். உள்ளே நுழைந்ததும் உடம்பு வேறுபாட்டை உணர்ந்தது. ஓடு தடிப்பானது, ஈரத்தை உறிஞ்சி வைத்திருப்பது. ஓட்டுக்கும் ஓட்டுக்கும் இடையே உள்ள சந்துகளால் சூட்டுக் காற்று மேலே கசிந்து போகும். அரைச்சுவருக்கு மேலே இருபுறமும் காற்று வர வழி இருக்கிறது. எந்தப் பொறியியலாளரும் வெப்பக் கணக்குப் போட்டுக் கட்டியதல்ல. இந்த வெயிலில் வாழ்ந்த மேசன்மாரும் தச்சரும் கட்டிப் பழகிய முறை. மேலே கூரை தடிப்பாகவும் மூச்சுவிடுவதாகவும் இருக்கவேண்டும், பக்கங்கள் திறந்திருக்கவேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அப்படியானால் ஏன் ஓட்டை விட்டுச் சீற்றுக்குப் போனார்கள்? இதற்கு அதிபர் சொன்ன முதற்காரணம் நான் எதிர்பாராதது. குரங்கு. வன்னியில் காட்டோரம் இருக்கும் எந்த ஓட்டுக் கூரையும் குரங்குக் கூட்டத்துக்குத் தப்பாது. ஓட்டைப் புரட்டும், நகர்த்தும், உடைக்கும். மாரி தொடங்கும்போது கூரை முழுக்க ஒழுக்கு. ஒவ்வோர் ஆண்டும் ஓடு மாற்றப் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் காசு இல்லை. மற்றக் காரணம் எல்லோருக்கும் தெரிந்தது. 2008 இன் கடைசியில் இந்த ஊரே வெறிச்சோடியது. 2009 மே மாதம் போர் முடிந்து, முகாம்களிலிருந்து சனம் திரும்பியபோது பிள்ளைகள் படித்தது தகரக் கொட்டில்களிலும் தறப்பாளுக்குக் கீழும். அந்த அவசரத்தில் விரைவாகவும் மலிவாகவும் எது கிடைத்ததோ அதைப் போட்டார்கள். அதில் குறைகாண எனக்கு மனமில்லை. அன்று பிள்ளைகளுக்கு ஒரு கூரை வேண்டியிருந்தது, கிடைத்தது. ஆனால் அன்றைய அவசரக் கூரை இன்றைக்கும் நிரந்தரக் கூரையாக நிற்கிறது. அதைத் திருத்தக் காசு ஒதுக்கும்போதும் பழைய சீற்றுக்குப் பதில் புதுச் சீற் என்றே ஒதுக்குகிறார்கள்.

இரண்டு மாடிக் கட்டடத்தின் மேல்மாடியைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. கொங்கிறீற் தட்டு. காலையில் தாங்கலாம், பிற்பகலில் முடியாது. மேற்குப் பக்க யன்னல்களுக்கு நிழல்தட்டு வைக்காததால் அந்த வகுப்பு யன்னல்களைப் பழைய பாடப்புத்தக மட்டைகளால் மறைத்திருந்தது. மறைத்ததால் இருட்டு. இருட்டானதால் பட்டப்பகலில் எல்லா மின்குமிழும் எரிந்தன.

வெயிலின் கணக்கைக் கொஞ்சம் விளக்கவேண்டும், ஏனென்றால் செலவுக் கணக்கு முழுவதும் அதில்தான் தங்கியிருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 5 முதல் 15 வரை எந்த ஊருக்கு எத்தனை மணிக்குச் சூரியன் நேராக உச்சம் கொடுக்கிறது என்று வளிமண்டலவியல் திணைக்களம் அறிவிக்கும். தெற்கே தொடங்கி வடக்கே நகர்ந்து ஏப்ரல் நடுப்பகுதியில் அது வன்னியைக் கடக்கும். ஓகஸ்ட் கடைசியில் தெற்கே திரும்பும்போது மறுபடி ஒருமுறை. ஆக, நமது கட்டடங்களில் வெயிலை அதிகம் வாங்குவது சுவரல்ல, கூரை. அடுத்தது கிழக்கு, மேற்குச் சுவர்கள். நீளப்பக்கம் வடக்கும் தெற்கும் பார்க்க நிற்கும் கட்டடத்தில் கூரையைச் சரிசெய்தால் வேலையில் பெரும்பகுதி முடிந்தது. இந்தப் பாடசாலையின் சீற் கட்டடம் அப்படித்தான் நிற்கிறது. இடம் சரி, திசை சரி, பக்கங்களில் பூக்கல் வைத்துக் காற்றுக்கு வழியும் விட்டிருக்கிறார்கள். பிழை கூரையில் மட்டும்தான்.

குளிர்நாடுகளில் பாடசாலைத் திருத்தத்துக்குக் கொடுக்கும் அரச பணம் இதற்கு நேர்மாறான வேலைக்குப் போகிறது. உள்ளே இருக்கும் சூடு வெளியே போகாமல் அடைப்பது அங்கே வேலை. அமெரிக்கா 2021 இன் உட்கட்டமைப்புச் சட்டத்தில் அரச பாடசாலைகளின் சக்திச் சிக்கனத் திருத்தத்துக்கென்றே 50 கோடி டொலரை ஒதுக்கியது. இங்கிலாந்தில் இதற்கு வட்டியில்லாக் கடன் கொடுத்தார்கள். மின்பட்டியலில் மிஞ்சும் காசிலிருந்து பாடசாலை அதைத் திருப்பிக் கட்டும். நமக்குச் சூட்டை உள்ளே அடைக்கும் அந்த யன்னலும் சுவரும் வேண்டாம். ஆனால் திருத்தக் காசிலேயே வெப்பத்துக்கும் மின்சாரத்துக்கும் தனியாக ஒரு பங்கு என்ற எண்ணம் வேண்டும்.

அந்த எண்ணம் நமது கோப்புகளில் இல்லை. அதிபர் தனது அறையில் வைத்து வலயக் கல்விப் பணிமனைக்கு அனுப்பிய திருத்த மதிப்பீட்டின் பிரதியைக் காட்டினார். உடைந்த சீற் மாற்றல், சிலாகை மாற்றல், நிறப்பூச்சு, யன்னல் கொளுக்கி, மின்னிணைப்புத் திருத்தம் என்று வரிசையாக இருந்தது. சதுர அடி, நீள அடி, எண்ணிக்கை, விலை. உட்கூரை பற்றியோ வெப்பம் தடுக்கும் தாள் பற்றியோ ஒரு வரி இல்லை. “போன முறை உட்கூரை கேட்டுப் போட்டனான். அத்தியாவசியம் இல்லையெண்டு வெட்டிப்போட்டினம்” என்றார். கோபமில்லாமல் சொன்னார். வெட்டியவரும் இருந்த ஒதுக்கீட்டை நாலு பாடசாலைக்குப் பிரிக்க வேண்டியவர்தான்.

காசு எப்படி வருகிறது என்பதையும் பார்க்கவேண்டும். 1987 இன் பதின்மூன்றாம் திருத்தத்துக்குப் பின் தேசிய பாடசாலைகள் தவிர்ந்தவை மாகாணத்தின் கையில். நிதி ஆணைக்குழுவின் பரிந்துரைப்படி மத்தியிலிருந்து மாகாணத்துக்கு அபிவிருத்தி நன்கொடை வரும். மாகாணக் கல்வி அமைச்சு அதை வலயங்களுக்குப் பகிரும். இதற்கு அப்பால் உலக வங்கி, ஆசிய அபிவிருத்தி வங்கித் திட்டங்கள், நாடாளுமன்ற உறுப்பினர்களின் பன்முகப்படுத்தப்பட்ட நிதி, வெளிநாட்டுப் பழைய மாணவர் சங்கங்கள். இவ்வளவு வாய்க்கால் இருந்தும் ஏறக்குறைய எல்லாமே புதிய கட்டடத்தையும் கண்ணுக்குத் தெரியும் பொருளையும் நோக்கியே ஓடுகின்றன. உட்கூரைக்குத் திறப்புவிழா வைக்க முடியாது. வட மாகாண சபையின் பதவிக்காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தபின் தேர்தலே நடக்கவில்லை. இதைக் கேட்டு எழுந்து நிற்க ஓர் உறுப்பினரும் இல்லை.

இன்னொன்று, என்னைப் பொறுத்தவரை எல்லாவற்றிலும் பெரிய தடை. நமது நிதியாண்டு ஜனவரியில் தொடங்கி டிசெம்பர் 31 இல் முடிகிறது. ஒதுக்கீடு தெரிந்து, கேள்விப்பத்திரம் போட்டு, கொந்தராத்துக் கொடுக்க ஆண்டின் பாதி போய்விடும். வேலை தொடங்க ஒக்டோபர் ஆகும். ஒக்டோபரில் வன்னியில் மாரி. கூரையைத் திறக்க முடியாது. டிசெம்பருக்குள் முடிக்காவிட்டால் காசு திரும்பிப் போகும். ஆகவே மழைக்குள் செய்யக்கூடிய வேலைக்கு அந்தக் காசை மாற்றிவிடுகிறார்கள்: மதிலுக்குப் பூச்சு, வாசலுக்கு வளைவு. கூரை வேலை செய்யத் தோதான காலம் ஏப்ரல், ஓகஸ்ட் விடுமுறைகள். அப்போது காசு இருக்காது. இதை அதிபர் சொன்னார், வளவில் வேலைக்கு வந்திருந்த மேசனும் தனியாகச் சொன்னார்.

அந்த மேசன் ஐயாவிடம்தான் வேலை விபரத்தைக் கேட்டேன். சீற்றைக் கழற்றும்போது சிலாகைக்குமேல் மினுங்கும் அலுமினியத் தாளை விரித்து, அதற்குமேல் சீற்றைப் போடவேண்டும். கீழே, ஒரு முழம் இடைவெளி விட்டு உட்கூரை. அந்த இடைவெளிக்குள் தேங்கும் சூடு போக இரண்டு பக்க முக்கோணச் சுவரிலும் வலையடித்த துவாரம். வெளியே, சீற்றின் மேல் வெயிலைத் திருப்பும் வெள்ளைப் பூச்சு. “இது ஒண்டும் பெரிய வித்தை இல்லை தம்பி. வீடுகளுக்குச் செய்யிறம்தானே. பள்ளிக்கூடத்துக்கு ஆரும் கேக்கிறேல்ல” என்றார்.

வெள்ளைப் பூச்சு வெறும் அழகுக்கல்ல. அகமதாபாத் நகரம் 2010 இன் வெப்ப அலையில் பட்ட இழப்புக்குப் பின் 2013 இல் வெப்பச் செயற்றிட்டம் வகுத்தது. ஏழைகளின் கூரைகளுக்கு வெள்ளை பூசுவதைப் பின்னர் அதில் சேர்த்தது. தெலங்கானா 2023 இல் குளிர்கூரைக்கென்றே ஐந்தாண்டுக் கொள்கை வெளியிட்டது. நமது வெயிலும் அவர்களது வெயிலும் ஒரே குடும்பம்.

ஆனால் சீற் விடயத்தில் ஓர் எச்சரிக்கையை எழுதியே ஆகவேண்டும். நமது சீற்றுகளில் பெரும்பாலானவை அஸ்பெஸ்ரஸ் கலந்தவை. அதன் எல்லா வகையும் புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார அமைப்பு சொல்கிறது. இலங்கை 2018 இலிருந்து அதன் இறக்குமதியை நிறுத்த முடிவெடுத்திருந்தது. 2017 டிசெம்பரில், நமக்கு அஸ்பெஸ்ரஸ் விற்கும் ரஷ்யா தேயிலைப் பொதியில் வண்டு கண்டதாகச் சொல்லி நமது தேயிலையை நிறுத்தியது. சில நாட்களில் அஸ்பெஸ்ரஸ் தடையை நமது அரசு கைவிட்டது. அந்த முடிவின் பலன் வகுப்பறைகளின் மேலே கிடக்கிறது. இந்த வளவிலும் மலசலகூடத்துக்குப் பின்னால் உடைந்த சீற்றுத் துண்டுகள் அடுக்கிக் கிடந்தன. இரண்டு பையன்கள் அதில் ஒரு துண்டை எடுத்து நிலத்தில் தேய்த்துக் கோடு போட்டு விளையாடினார்கள். அதிபர் உடனே தடுத்தார். பழைய சீற்றைக் காய்ந்தபடி கம்பித் தூரிகையால் சுரண்டக்கூடாது, வாளால் அறுக்கக்கூடாது, துளைபோடக்கூடாது. நனைத்துத்தான் கழற்றவேண்டும். கழற்றியதைப் பொதிந்து, பிள்ளைகள் தொடாத இடத்துக்கு உடனே அகற்றவேண்டும். அந்தச் செலவும் மதிப்பீட்டில் ஒரு வரியாக வரவேண்டும். கூரையை மாற்றக் காசு கிடைக்கும் இடத்தில் அஸ்பெஸ்ரஸ் இல்லாத சீற்றையே கேட்கவேண்டும். புயல் காற்றைத் தாங்கப் பிணைப்புக் கொளுக்கிகளையும் கூட்டிப் போடவேண்டும். 2020 டிசெம்பர் 2 இரவு புரெவி புயல் திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையில்தான் கரையேறியது.

கூரை சரியானால்தான் மற்றவை பலன் தரும். மின்விசிறியை எடுங்கள். பழைய வகை விசிறி ஒன்று 75 வாற் அளவில் மின் குடிக்கும். இப்போது கிடைக்கும் சிக்கன வகை 30 வாற்றில் அதே காற்றைத் தரும். 40 விசிறி ஆறு மணித்தியாலம் ஓடும் பாடசாலையில் முன்னது நாளுக்கு 18 அலகு, பின்னது 7 அலகுக்குச் சற்று மேல். 2022 ஓகஸ்டில் மின்கட்டணம் சராசரி 75 வீதமும் 2023 பெப்ரவரியில் மேலும் 66 வீதமும் ஏறிய காலத்தை எந்த அதிபரும் மறந்திருக்கமாட்டார். பின்னர் குறைத்தார்கள், மறுபடி கூட்டினார்கள். எப்படியானாலும், கொதிக்கும் கூரைக்குக் கீழே எந்த விசிறியும் சூட்டுக் காற்றைத்தான் சுழற்றும்.

சூரியப் படலமும் இப்படித்தான். பாடசாலைக்கு அது மிகப் பொருத்தம்: வகுப்பு நடக்கும் நேரமும் வெயில் நேரமும் ஒன்று, விடுமுறையில் மிஞ்சுவதை மின்வலையமைப்புக்குக் கொடுக்கலாம். அதற்கான ஏற்பாடு 2016 இல் தொடங்கிய ‘சூரிய பல சங்ராமய’ திட்டத்திலேயே உண்டு. இந்தியா 2021 ஜூனில் சூரிய மின்திட்டங்களுக்காக 10 கோடி டொலர் கடன் வரி தந்தது. அரச கட்டடக் கூரைகளும் அதன் நோக்கத்தில் அடங்கும். நாடு முழுவதும் 5000 வழிபாட்டிடங்களுக்கு இந்திய நன்கொடையில் படலம் போடும் வேலை 2025 இல் தொடங்கிவைக்கப்பட்டது. கோயிலுக்குக் கிடைப்பது பள்ளிக்கூடத்துக்கும் வரவேண்டும் என்று மனதார விரும்புகிறேன். ஆனால் இருபது ஆண்டுக்கு நிற்கவேண்டிய படலத்தை உளுத்த சிலாகையின் மேலும், துளைபோடக்கூடாத சீற்றின் மேலும் எங்கே பொருத்துவது? முதலில் கூரை, பிறகு விசிறியும் விளக்கும், கடைசியில் படலம். இந்த ஒழுங்கு மாறினால் காசு வீண்.

மின்பட்டியலைப் பற்றிக் கேட்டபோது அதிபர் சொன்னது சிந்திக்க வேண்டியது. “பில் வலயத்துக்குப் போகுது. நான் மிச்சம் பிடிச்சால் அந்தக் காசு எனக்குத் திரும்பி வராது. பிள்ளையளுக்கு ஆளியை நிப்பாட்டுங்கோ எண்டு சொல்லுறன், ஆனா ஏன் எண்டு கேட்டால் காட்ட ஒண்டும் இல்லை.” ஜேர்மனியின் ஹம்பேர்க் நகரம் 1994 இல் இதற்கு ஒரு வழி கண்டது. பாடசாலை மிச்சப்படுத்தும் மின், நீர், வெப்பச் செலவில் பாதியைப் பாடசாலைக்கே கொடுத்தார்கள். பிள்ளைகளே யன்னலையும் ஆளியையும் கவனிக்கத் தொடங்கினார்கள். பின்னர் ஜேர்மனியின் பல நகரங்கள் அதைப் பின்பற்றின. இதற்குப் பெரிய முதலீடு வேண்டாம். மாகாணத்திலிருந்து ஒரு சுற்றுநிருபம் போதும்.

இலங்கையில் சட்டமும் அமைப்பும் இல்லாமல் இல்லை. 2007 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் நிலைபெறுதகு வலு அதிகார சபை இருக்கிறது. கட்டடங்களில் சக்தியைச் சிக்கனமாகப் பயன்படுத்தும் கோவை ஒன்றை 2008 இல் வெளியிட்டு, 2020 இல் புதுப்பித்தது. ஆனால் அந்தக் கோவைகள் பெரிய வணிகக் கட்டடங்களையும் குளிரூட்டிகளையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. குளிரூட்டி இல்லாத நூறடி வகுப்பறைக் கட்டடத்துக்கு, கூரை எப்படி இருக்கவேண்டும் என்று இரண்டு பக்கத்தில் ஒரு வழிகாட்டி எழுதிக் கொடுத்தால் ஒவ்வொரு வலயத் தொழில்நுட்ப உத்தியோகத்தரும் அதை மதிப்பீட்டோடு வைத்துப் பார்ப்பார்.

புறப்படும்போது பழைய மாணவர் ஒருவர் வந்திருந்தார். வெளிநாட்டுக் கிளை ஒன்று திறன் வகுப்பறை ஒன்றுக்குக் காசு சேர்க்கிறது, குளிரூட்டியும் போடப்போகிறார்கள் என்றார். ஒரு அறை குளிரும், மற்ற அறைகள் வேகும், மின்பட்டியல் ஏறும். நான் அவரிடம் சொன்னதையே இங்கும் எழுதுகிறேன். லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கும் பழைய மாணவர்களே, அந்தக் காசில் சீற் கட்டடம் முழுவதற்கும் தாளும் உட்கூரையும் போட முடியுமா என்று முதலில் ஒரு விலை கேளுங்கள். உங்கள் பெயர் பொறித்த கல் வேண்டுமென்றால் அதையும் அங்கே வையுங்கள், யாரும் குறைசொல்லமாட்டார்கள்.

மாகாணக் கல்வி அமைச்சிடம் மூன்றே கோரிக்கை. திருத்த மதிப்பீட்டுப் படிவத்தில் உட்கூரை, வெப்பத் தாள், வெள்ளைப் பூச்சு, அஸ்பெஸ்ரஸ் அகற்றல் ஆகியவற்றுக்குத் தனி வரிகள் சேருங்கள். கூரை வேலைக்கான ஒதுக்கீட்டை ஓகஸ்ட் விடுமுறைக்கு முன் விடுவியுங்கள். மிச்சப்படும் மின்கட்டணத்தில் ஒரு பங்கைப் பாடசாலைக்குத் திருப்பிக் கொடுங்கள். அதிபர்மாரே, படிவம் மாறும்வரை காத்திருக்க வேண்டாம். அடுத்த ஆண்டுக்கான மதிப்பீடு கேட்டு வலயத்திலிருந்து கடிதம் வரும்போது அந்த வரிகளை நீங்களே எழுதிச் சேர்த்து அனுப்புங்கள். வெட்டினால், அடுத்த முறையும் எழுதுங்கள்.